விரல் நீட்டுகிறவன் இல்லாத விருந்து

பிரான்ஸிலிருந்து அயனம்பாக்கம் வந்து சேர்ந்தது ஒன்றும் பெரிய பயணமில்லை. விமானத்தில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், வந்துவிட்டேன். அயனம்பாக்கத்திலிருந்து வெள்ளானூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, கையில் கண்ணாடி போட்ட ஒரு படத்தோடு போனேன் பாருங்கள், அதுதான் பயணம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அலுவலக வேலையாக இரண்டு வாரம் பிரான்ஸ் போகவேண்டி வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா மகள் நந்தினி போன் செய்தாள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்கிற பெண். ஆவடி வட்டாரத்தில் முகூர்த்த நாள் வந்தால் அவளைப் பிடிக்க முடியாது. "மாமா, அங்க ஒரு ஊர்ல பெரிய துணி ஒண்ணு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஊசியால தைச்சது. அதுல ஒரு சாப்பாட்டுக் காட்சி வரும். அதோட படம் ஃபிரேம் போட்டு விப்பாங்க. எனக்கு வாங்கிட்டு வாங்க" என்றாள். சரி என்றேன். "நீங்களே கொண்டு வந்து குடுக்கணும். கூரியர்ல அனுப்பக் கூடாது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வராத நாள் கிடையாது, பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் இது நியாயமான சந்தேகம். ஏனென்றால் அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். அயனம்பாக்கத்தில் நான் ஃப்ளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தேன். மொட்டை மாடியில் பந்தல், சாப்பாடு. முதல் பந்தியில் அக்கா வீட்டுக்காரர் முருகேசன் அத்தான் உட்கார்ந்திருந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் ஆபீஸ் மேனேஜர் குடும்பத்தோடு படியேறி வந்தார். ஒரு நாற்காலி குறைந்தது. நான் அத்தானைப் பார்த்து, "அத்தான், நீங்க நம்ம ஆளுதானே, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்றேன். அத்தான் எழுந்தார். நிதானமாகப் படியிறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உப்பு வைத்த இலையிலிருந்து ஒரு மனிதரை எழுப்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமலில்லை. நம்ம ஆள்தானே என்ற தைரியம். அத்தான் அக்காவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "உன் தம்பி விரலை நீட்டி என்னை எழுப்புனான். இனிமே அவன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். அவனும் இங்க நனைக்க வேணாம்." நான் விரல் நீட்டவில்லை, வாயால் மரியாதையாகத்தான் சொன்னேன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு வருஷமாக அதையேதான் சொன்னேன்.

இப்போது நந்தினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய வாரம். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுத குழந்தை அவள். அவளுக்கு முதல் மாலை போடவேண்டிய தாய்மாமன் நான். என் பெயர் பத்திரிகையில் வருமா, சாத்தூரிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி எவனையாவது கூட்டிவந்து மாலை போடச் சொல்லிவிடுவார்களா என்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இந்த நிலைமையில் படம் வேண்டும் என்று ஒரு போன் வந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வது? இது அவளாகக் கேட்டதா, அக்கா கேட்கச் சொன்னதா, இல்லை, என்னை வாசல்வரை வரவழைத்துத் திருப்பி அனுப்ப அத்தான் போட்ட திட்டமா?

இந்தக் கவலையோடுதான் பிரான்ஸில் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, சரியான நேரத்துக்குச் சேர்ந்தது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் இரண்டு தடவை ஊர்ப் பெயரைக் காட்டிக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்பதற்கு முன்பே அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்ன ஊர். அம்பத்தூர் சந்தையில் பாதி இருக்கும். சாப்பிடக் கடைக்குப் போனால் கறுப்பாக ஒரு தோசை கொண்டுவந்து வைத்தார்கள். நாலு பக்கமும் உறை மாதிரி மடித்து நடுவில் முட்டை கண் திறந்து பார்க்கிறது. உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. என்ன கறி என்று பரிமாறிய பெண்மணியிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை, நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அவர் மூக்கைத் தூக்கிப் பன்றி மாதிரி உறுமிக் காட்டினார். ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள ஒரு காரச் சட்டினி இருந்திருந்தால் நல்ல தோசைதான்.

துணியை இருட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். முழம் அகலம்தான் இருக்கும், நடக்க நடக்கத் தீரவில்லை. கப்பல், குதிரை, வெட்டு, குத்து. ஒரு ராஜா கடல் தாண்டிப் போய் இன்னொரு ராஜாவின் நாட்டைப் பிடிக்கிற கதை. சண்டைக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கோழிகளைக் கம்பியில் குத்திச் சுட்டு, கேடயத்தையே மேசையாக்கிப் பரிமாறுகிறார்கள். அரைவட்ட மேசையில் நடுவில் மதகுரு ஒருவர் சாப்பாட்டை ஆசீர்வதிக்கிறார். முன்னால் ஒருத்தன் மண்டியிட்டு, கை கழுவக் கிண்ணமும் துடைக்கத் துண்டும் நீட்டுகிறான். இவ்வளவு மரியாதை தெரிந்த ஆட்கள் மறுநாள் எதற்கு வெட்டிக்கொள்ளப் போனார்கள் என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு அம்மாள் புருஷனிடம் ஏதோ சொன்னாள். வாசலில் என்னோடு வந்து சேர்ந்துகொண்ட, பிரெஞ்சு தெரிந்த ஆபீஸ் நண்பர் மொழிபெயர்த்தார்: "சாப்பாட்டையே பார்த்துக்கொண்டு நிற்காதே, நீ இப்போதுதான் சாப்பிட்டாய்." எங்கே போனாலும் வீடு வீடுதான்.

வெளியே கடையில் அந்தச் சாப்பாட்டுக் காட்சியைக் கறுப்புச் சட்டத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டடி நீளம். காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறா என்று சந்தேகப்பட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னேன். மறுபடி கட்டும்போது நான் ஒரு நிமிஷம் திரும்பிவிட்டதால் இன்னொரு தடவையும் பிரிக்கச் சொன்னேன். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டேதான் பிரித்தாள். ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொட்டலத்தைத் தட்டி, "என்ன சார் இது?" என்றார். நான் பெருமையாக, "ஆயிரம் வருஷப் பழசு சார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பழம்பொருள் கடத்துகிறவனைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். "இல்ல சார், துணிதான் பழசு. இது படம். பிரிண்ட்" என்று குழறினேன். அவர் பிரித்து, மூக்கருகில் வைத்துப் பார்த்து, "சாப்பாடு" என்று ஒரே சொல்லில் முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் சோபாவின் மேல் சாய்த்து வைத்து என் மனைவி உமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். மீன் நல்லாருக்கு என்றாள். பிறகு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"ஏங்க, இவன் யாரு? சாமியாருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு விரலை நீட்டுறானே?"

பார்த்தேன். சாமி சத்தியமாக அதுவரை நான் அவனைக் கவனிக்கவே இல்லை. மதகுருவுக்கு அடுத்த ஆள். உடம்பு மேசைப் பக்கம், முகம் ஒரு பக்கம், விரல் மட்டும் நீட்டிக்கொண்டு வெளியே காட்டுகிறது. அடுத்த காட்சியைப் பார் என்று காட்டுகிறானாம். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் படத்தில் அடுத்த காட்சி இல்லை. விருந்து நடக்கிறது, ஒருத்தன் விரல் நீட்டி எவனையோ எழுந்து போகச் சொல்கிறான். அவ்வளவுதான் தெரிந்தது.

"இதைக் கொண்டுபோய் முருகேசன் அண்ணன் வீட்டு ஹால்ல மாட்டப் போறீங்களா?" என்றாள் உமா. "விளங்கிரும்."

உலகத்தில் எத்தனையோ படம் இருக்கிறது. பூ இருக்கிறது, மயில் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, பந்தியில் விரல் நீட்டுகிற படத்தைக் கடல் தாண்டிப் போய் வாங்கி வந்திருக்கிறேன். அத்தான் பார்த்தால் என்ன நினைப்பார்? குத்திக் காட்டக் கொண்டுவந்திருக்கிறான் என்றுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். பத்திரிகையில் பெயர் வர இருந்த கொஞ்சநஞ்ச வழியும் இதோடு அடைபட்டுவிடும். கொண்டுபோகாமலும் இருக்க முடியாது. நந்தினி தினமும் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்பத்தூரில் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போனேன். முன்னால் மாலை போட்ட தாத்தா படங்கள், லட்சுமி, மாதா, கல்யாண ஜோடிகள் என்று கடை நிறைய ஆட்கள் நம்மைப் பார்க்கிறார்கள். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், வாயில் பாக்கு. விஷயத்தைச் சொன்னேன். உள்ளே சுற்றிலும் வெள்ளை அட்டை வைக்கிறோம் இல்லையா, அதை இந்தப் பக்கம் மட்டும் அகலமாக வெட்டி, இந்த ஆளை மறைத்துவிட வேண்டும்.

அவர் பாக்கை ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்னா சார், ஃபேமிலி மேட்டரா?"

"இல்லங்க. சும்மா, அழகுக்கு."

"அயகுக்கு எவன் சார் ஆளை மறைப்பான்? எங்கையாலயே எத்தினி மருமவனை மறைச்சுக் குட்த்துகீறேன் தெரியுமா? டைவர்ஸ் ஆனவன், ஓடிப்போனவன், அல்லாரும் இந்த அட்டைக்கு அடியிலதான் கீறாங்க. மறைச்சா இன்னா ஆவும்னு சொல்லட்டா? ஊட்டுக்கு வர்றவன் மொதல்ல அங்கதான் பாப்பான். வோணாம் சார். அப்டியே வுடு."

கூலி கிடைக்கும் வேலையை வேண்டாம் என்கிறாரே, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று தோன்றியது. மறைக்கத்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். "சாயங்காலம் வாங்கிக்க" என்றார். சாயங்காலத்துக்குள் கண்ணாடியை மாற்றிவிட்டால்? ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "சார், இத்த வச்சுகினு நான் இன்னா பண்ணப்போறேன்? இது யாருன்னே எனக்குத் தெரியாது" என்று புலம்பிக்கொண்டே பின் ஆணிகளை நெம்பினார். அட்டை உட்கார்ந்ததும் விரல் நீட்டுகிறவன் போய்விட்டான். அவனோடு ஒரு கால்வாசி மேசையும், ஒரு கிண்ணமும், பாதி மீனும் போயின. நடுவில் இருந்த மதகுரு ஓரத்துக்கு வந்துவிட்டார். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை காலை புறப்பட்டேன். கார் எடுத்தால் பின் சீட்டில் படம் குலுங்கிக் கண்ணாடி உடையும் என்று பயம், பைக்கில் வாய்ப்பே இல்லை. ஆகவே அம்பத்தூரில் மின்சார ரயில், ஆவடியில் இறங்கி ஆட்டோ. விடுமுறை நாளில் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு ரயிலுக்குத் தெரியவில்லை.

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். துணி விலகி ஒரு ஓரம் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார்: "ஏசப்பா கடைசியா சாப்ட்ட படம்டி." பிறகு என்னிடம் மரியாதையாக, "எந்த சர்ச்சு சார்?" என்றார். இது ஏசு இல்லை, வேறு ஒருவர் என்றேன். அந்த அம்மாளின் முகத்தில் இருந்த மரியாதை போய் அந்த இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. வேறொருவர் சாப்பிடுவதை எதற்கு இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்திருக்கலாம்.

ஆவடி வந்தது. இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள் அதிகம். "கண்ணாடி! கண்ணாடி!" என்று கத்தினேன். வழி விடுவார்கள் என்று பார்த்தால், கண்ணாடி உடைந்துவிட்டது என்று நினைத்து ஆளாளுக்குக் காலைத் தூக்கிக்கொண்டு என் மேலேயே சாய்ந்தார்கள். எதிர்ப்பக்கக் கதவோரம் போய் ஒட்டிக்கொண்டேன். வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த இரண்டு ஸ்டேஷனிலும் அதே கதைதான். நெமிலிச்சேரியில் நாலு பேர் சேர்ந்து என்னையும் படத்தையும் தனித்தனியாக இறக்கிவிட்டார்கள். படத்தை வாங்கிய ஆள் ரயிலோடு போய்விடுவானோ என்று ஒரு நொடி உயிர் போய் வந்தது. அவர் பிளாட்பாரத்தில் நின்று, "ஒயுங்கா புட்ச்சிக்க சார்" என்று கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினார்.

நெமிலிச்சேரியில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது. வெள்ளானூர் என்றேன். ரிங் ரோடு வழியாகப் போகிறேன் என்றார் ஓட்டுநர். சுற்றிக் காட்டுகிறாரா என்று போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

"நம்மள நம்பலியா அண்ணாத்தே? சரி, மேப்பையே பார்த்துகினு வா. அது இன்னா படம், சாமியா மனுசனா?"

"மனுசன்தான். ஒரு ராஜா. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் சாப்பிடுறாங்க."

"சண்டைக்கு முன்னாடி சோறா?" என்று சிரித்தார். "நம்ம ஊட்டுல சோறு துன்னும்போதுதான் சண்டையே ஆரம்பிக்கும்."

என்னால் சிரிக்க முடியவில்லை. வெள்ளானூர் நெருங்கியது. பாதி கட்டின வீடுகள், மனை எண் போட்ட கற்கள், மணல் குவியல்மேல் படுத்திருந்த நாய்கள். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். அத்தான் வாசலிலேயே நின்று கதவைச் சாத்திவிட்டால், இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி நெமிலிச்சேரி ரயில் ஏற வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பில்லை.

அத்தான் வாசலில்தான் இருந்தார். கைலி கட்டிக்கொண்டு, மிக்ஸியைக் கழற்றி அக்கக்காகப் பிரித்து வைத்திருந்தார். ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தையல் எந்திரங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். கையில் திருப்புளி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே குறைவு. என்னை ஒரு பார்வை பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "பாக்கியம், உன் தம்பி வந்திருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சுட்டியேடா" என்றாள். நான் இளைக்கவில்லை, பிரான்ஸில் ரொட்டி தின்று தொப்பைதான் போட்டிருந்தது. நந்தினி ஆரிச் சட்டத்தில் இறுக்கிக் கட்டியிருந்த ரவிக்கைத் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். படத்தை வாங்கித் துணியை உருவினாள். முகமெல்லாம் சிரிப்பு. மேசைமேல் வைத்து, தையலைத் தடவுகிறவள் மாதிரி கண்ணாடியைத் தடவினாள்.

"பாருங்கப்பா, கோடு முழுக்கக் காம்புத் தையல். உள்ள நூலைப் படுக்கப் போட்டு, மேல குறுக்கே கட்டியிருக்காங்க…" என்று சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "மாமா, இதுல ஒரு ஆள் குறையுதே."

"எந்த ஆளு?" என்றேன்.

"இந்த எடத்துல, சாமியாருக்கு அடுத்து, ஒருத்தர் விரலை நீட்டிக்கிட்டு இருப்பாரு. நான் எத்தனை தடவ நெட்ல பாத்திருக்கேன். அவர் எங்க?"

"அச்சுல விட்டுப்போயிருக்கும்" என்றேன். உலகத்திலேயே மட்டமான பொய்.

அத்தான் எழுந்து வந்தார். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்து, அட்டையின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு விரல் அகலம், மறுபக்கம் ஒரு சாண் அகலம். திருப்பிப் போட்டார். பின் ஆணிகளில் புதுக் கீறல். திருப்புளியை எடுத்து ஒவ்வொரு ஆணியாக நெம்பினார். அவசரமே இல்லை. அட்டையை உருவி என் கையில் கொடுத்தார். கண்ணாடியைப் பொருத்தி மறுபடி நிமிர்த்தினார். விரல் நீட்டுகிறவன் வந்துவிட்டான்.

அத்தான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாலு வருஷமா ஊர் பூரா என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? கையே நீட்டல, வாயாலதான் சொன்னேன்னு. என்னைப் பொய்யன் ஆக்கிட்ட. கை நீட்டாதவனுக்கு இவனை மறைக்கணும்னு எதுக்குடா தோணுச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நந்தினி என்னைப் பார்த்தாள். ஓடி ஒளிய ஒரு இடமும் இல்லை. எந்த இடத்தில் நின்றேன், எந்தக் கை, எந்த விரல் என்று எல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேனேஜர் பார்க்கிறாரே என்று வேகமாக நீட்டினேன், தெருவில் ஆளை விரட்டுவதுபோல நீட்டினேன்.

"நீட்டினேன் அத்தான்" என்றேன். "உப்பு வச்ச இலையில இருந்து எழுப்புனேன். தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இல்லைன்னு சாதிச்சது."

அவர் திருப்புளியோடு திரும்பினார். போய் மிக்ஸியின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கிளம்புகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "மணி ஒண்ணாகுது. தம்பி கை நனைக்காமப் போனா நான் இன்னிக்கு சாப்பிட மாட்டேன்" என்று அழுகையும் அதட்டலுமாகச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் இலையைப் போட்டுவிட்டாள்.

அத்தான் தடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இந்த வீட்டில் நான் கை நனைக்கக் கூடாது என்று சொன்னவர் ஏன் சும்மா இருக்கிறார்? உட்கார்ந்தேன். அக்கா தண்ணீர் தெளித்தாள். உப்பு வைத்தாள். மாங்காய் ஊறுகாய் வைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதே கட்டம்தான். சோறு விழுவதற்கு முன்னால், உப்பும் ஊறுகாயும் மட்டும் இருக்கிற இலை. திருப்புளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத காலடி பின்னால் வந்து நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அத்தான் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எந்திரி."

"என்னங்க!" என்று அக்கா அலறினாள். "அப்பா, வேணாம்ப்பா" என்றாள் நந்தினி. நான் எழுந்தேன். ஒரு நாற்காலியிலிருந்து எழுவது இவ்வளவு கஷ்டமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை அவர் என் வீட்டு மொட்டை மாடியில், எழுபது பேருக்கு முன்னால் செய்திருக்கிறார். செருப்பைத் தேடி நான் வாசல் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டேன்.

"எங்க போற?" என்றார் அத்தான். அந்த நாற்காலியில், அந்த இலை முன்னால், அவர் உட்கார்ந்திருந்தார். "சோறு போடு."

அக்கா சோற்றுப் பாத்திரத்தை என் கையில் திணித்தாள். போட்டேன். கரண்டி இலையில் இடித்தது. சாம்பார் ஊற்றினேன், பொரியல் வைத்தேன். "போதுமா அத்தான்?" என்றேன். "நான் நிறுத்தச் சொன்னனா?" என்றார். பிசைந்து சாப்பிட்டார். ரசம் கேட்டார். மோர் கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, துடைக்கக் கை இரண்டும் காலியில்லை. சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

கை கழுவிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் போட்டார். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. எல்லாப் பெயரும் இருந்தது. தாய்மாமன் என்று போட்ட இடத்தில் மட்டும் வெற்றிடம்.

"நீயே எழுது. இனிஷியலைத் தப்பாப் போட்டா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவ."

எழுதினேன். என் பெயரை எழுத எனக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. நந்தினி தாளை வாங்கி என் எழுத்தைப் பார்த்துவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அக்கா புது இலை போட்டாள். இந்தத் தடவை அத்தான் கரண்டியை வாங்கிக்கொண்டு அவரே பரிமாறினார். நான் இரண்டாவது வாய் வைக்கும்போது சொன்னார்:

"கல்யாணத்தன்னிக்குப் பந்தி விசாரிக்கிறது நீதான். உன் மேனேஜர் இல்ல, மந்திரியே வந்து நிக்கட்டும். உக்காந்தவன் ஒருத்தனை எழுப்புன, தொலைச்சுப்புடுவேன்."

எழுப்ப மாட்டேன் அத்தான் என்றேன். வாய் நிறையச் சோறு இருந்ததால் அவருக்குக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. விழுங்கிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.